ஆன்டிவைரஸ் பச்சைல இருக்கு, ஆனா டொமைனே போச்சுங்கறாங்க!

கேள்வி: வணக்கம் சார். திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில சிஸ்டம் அட்மினா இருக்கேன். 180 கம்ப்யூட்டர், 4 சர்வர், ஐடில நானும் இன்னொரு பையனும் மட்டும்தான். வெளிநாட்டு பையர் கேட்டாங்கன்னு போன மாசம் ஒரு டீமை வெச்சு பென்டெஸ்ட் (நம்ம நெட்வொர்க்கை நாமளே ஆள் வெச்சு உடைச்சுப் பாக்கற சோதனை) பண்ணினோம். அக்கவுன்ட்ஸ்ல ஒரு பொண்ணுக்கு மெயில் அனுப்பி, அதுல இருந்த ஷார்ட்கட்டை க்ளிக் பண்ண வெச்சு, அங்கேர்ந்து அஞ்சு மணி நேரத்துல டொமைன் அட்மின், அதாவது மொத்த நெட்வொர்க்குக்கும் சாவி வெச்சிருக்கற ஆள், ஆயிட்டாங்களாம். ஒரு வைரஸ் ஃபைல் கூட போடல, எல்லாம் பவர்ஷெல் (விண்டோஸ்ல கமாண்ட் எழுதி வேலை வாங்கற டூல்) ஸ்கிரிப்ட், மெமரிலயே ஓடுச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதிருக்காங்க. நான் ஆன்டிவைரஸ் கன்சோலை பாத்தேன், அன்னிக்கு முழுக்க பச்சை, ஒரு அலர்ட் இல்ல. எம்டி "ஃபைலே இல்லாம எப்படிப்பா வைரஸ் வரும், நம்மள ஏமாத்தறாங்களா, இல்ல இத்தனை வருஷம் ஆன்டிவைரஸுக்கு குடுத்த காசு தண்டமா"ன்னு கேக்கறாரு. பவர்ஷெல்லை எல்லா மெஷின்லயும் ப்ளாக் பண்ணிடலாமா? வேற ஆன்டிவைரஸ் எது வாங்கலாம்? அவங்க யூஸ் பண்ணின ஸ்கிரிப்ட்டை கேட்டா குடுக்க மாட்டேங்கறாங்க, நெட்ல தேடி எடுத்து நானே ஓட்டி பாக்கலாமா? ரிப்போர்ட்டை இதோட வெச்சிருக்கேன்.

பதில்: தம்பி, அந்த டீம் உங்கள ஏமாத்தல. ரிப்போர்ட்டை ரெண்டு தடவ படிச்சேன், நேரம், மெஷின் பேரு, எந்த யூசர் பேர்ல ஓடுச்சு எல்லாம் ஒழுங்கா எழுதிருக்காங்க, கடைசில என்னென்ன வெச்சோம் என்னென்ன எடுத்தோம்னு ஒரு பக்கம் வேற இருக்கு, அது எழுதற டீம் ரொம்ப கம்மி, அவங்கள விட்டுடாதீங்க.

உங்க எம்டி கேட்டது நியாயமான கேள்விதான். அவருக்கு இப்படி சொல்லிப் பாருங்க. கம்பெனி கேட்ல செக்யூரிட்டி நிக்கறாரு, உள்ள வர்றவன் பையை தொறந்து பாக்கறாரு, கத்தி கித்தி இருந்தா புடிச்சு வெச்சுக்கறாரு. பழைய மாதிரி ஆன்டிவைரஸ் செய்யறது இந்த வேலைதான், டிஸ்க்ல ஒரு ஃபைல் வந்து விழுந்தா தொறந்து பாக்கும், தெரிஞ்ச திருட்டு மூஞ்சியா இருந்தா புடிக்கும். இப்ப ஒருத்தன் வெறுங்கையை வீசிட்டு வர்றான், கழுத்துல உங்க கம்பெனி ஐடி கார்டு தொங்குது, நேரா கட்டிங் செக்‌ஷனுக்கு போறான், அங்க இருக்கற கத்திரியையே எடுத்து அங்க இருக்கற துணியையே வெட்டிட்டு போயிடறான். கேட்டுல ரிஜிஸ்டரை பொரட்டிப் பாத்தா எல்லாம் சரியாதான் இருக்கும். அந்த கத்திரிதான் பவர்ஷெல். விண்டோஸ் 7 காலத்துலேர்ந்து எல்லா மெஷின்லயும் கூடவே வருது, மைக்ரோசாஃப்ட்டோட கையெழுத்து இருக்கு, நீங்களே தினம் அதை வெச்சுதான் பாதி வேலை செய்யறீங்க. அது ஓடறதை பாத்து ஆன்டிவைரஸ் எதுக்கு கத்தணும்?

அக்கவுன்ட்ஸ் மெஷின்ல நடந்தது ரிப்போர்ட் 6ம் பக்கத்துல இருக்கு, மெதுவா பாருங்க. மெயில்ல வந்தது இன்வாய்ஸ் மாதிரி ஐகான் போட்ட ஒரு ஷார்ட்கட். ஷார்ட்கட்டுன்னா என்ன, "இந்த ப்ரோக்ராமை இப்படி ஓட்டு"ன்னு எழுதி வெச்ச ஒரு சீட்டு, அவ்ளோதான். அதுல பவர்ஷெல்லை ஜன்னல் தெரியாம ஓட்டுன்னு இருக்கு, பின்னாடி பேஸ்64ல, அதாவது பாத்தா புரியாத எழுத்தா மாத்தி, சுருட்டின ஒரு நீள எழுத்துக் கூட்டம். அது விரிஞ்சா ஒரே ஒரு வேலை: இன்டர்நெட்ல ஒரு இடத்துலேர்ந்து கொஞ்சம் டெக்ஸ்ட் வாங்கு, அதை எங்கயும் சேவ் பண்ணாத, அப்படியே ஓட்டு. வந்த டெக்ஸ்ட்டு பவர்ஷெல் ப்ராசஸோட மெமரிக்குள்ளயே கெடந்து ஓடுது. டிஸ்க்ல புது இஎக்ஸ்இ ஒண்ணும் இல்ல, ஸ்கேன் பண்ண ஆன்டிவைரஸுக்கு ஒரு பண்டமும் கெடைக்கல. ஷார்ட்கட் மட்டும் இருந்துச்சு, அது வைரஸ் லிஸ்ட்ல இல்ல.

இங்க ஒரு சின்ன சண்டை எனக்கு உண்டு, இந்த "ஃபைல்லெஸ்"ங்கற பேரோட. பேரைக் கேட்டா ஏதோ ஆவி வந்து போன மாதிரி இருக்கும், எம்டிக்கெல்லாம் பயம் வர்றது அதனாலதான், சில செக்யூரிட்டி கம்பெனிங்க இந்த பயத்தை வெச்சே பொருள் விக்கறாங்க. நெஜத்துல சுத்தமா டிஸ்க்கையே தொடாத தாக்குதல் ரொம்ப கொஞ்சம். மைக்ரோசாஃப்டே இதை மூணு ரகமா பிரிக்குது: டிஸ்க்கை தொடவே தொடாதது, ஃபைல் போடாம ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் செட்டிங் எல்லாம் சேத்து வெக்கற எடம்), டபிள்யூஎம்ஐ (விண்டோஸை நிர்வாகம் பண்ற உள் வசதி) மாதிரி எடத்துல ஒளிஞ்சுக்கறது, ஏதோ ஒரு ஃபைலை வெச்சு ஆரம்பிச்சு அப்புறம் மெமரிக்கு போயிடறது. உங்களுக்கு வந்தது மூணாவது, ஷார்ட்கட் ஃபைல்தானே. ரெண்டாவது ரகத்துல ரெஜிஸ்ட்ரியும் கடைசில டிஸ்க்ல ஒரு ஃபைல்தான், டபிள்யூஎம்ஐ ரெப்பாசிட்டரியும் சிஸ்டம்32க்குள்ள ஒரு ஃபைல்தான், நம்ம பாக்கற எடத்துல இல்லைங்கறதுதான் விஷயம்.

அசல் மொதல் ரகம் வேணும்னா 2003 ஜனவரில வந்த எஸ்கியூஎல் ஸ்லாமர்ங்கற வொர்மை (தானா பரவற வைரஸ்) சொல்லலாம். மொத்தமே 376 பைட், ஒரே ஒரு யூடிபி பாக்கெட், போர்ட் 1434, டிஸ்க்ல ஒண்ணும் எழுதல, சர்வரை ரீஸ்டார்ட் பண்ணினா போயிடும், ஆனா பேட்ச் போடலைன்னா அடுத்த நிமிஷமே திரும்ப வந்துடும். அதுக்கு முன்னாடி 2001ல கோட் ரெட்டும் இதே கதை. அதனால இது ஏதோ நேத்து கண்டுபுடிச்ச வித்தைன்னு நெனைக்காதீங்க, ஸ்கிரிப்ட் வந்ததுக்கு அப்புறம் சுலபம் ஆயிடுச்சு, அவ்ளோதான்.

உங்க ரிப்போர்ட்டுக்கு ரொம்ப கிட்ட இருக்கற நெஜ கேஸ் 2017 பிப்ரவரில காஸ்பர்ஸ்கைங்கற ஆன்டிவைரஸ் கம்பெனி வெளில சொன்னது. ஒரு பேங்க்ல செக்யூரிட்டி ஆளுங்க டொமைன் கன்ட்ரோலரோட (எல்லா லாகினையும் சரி பாக்கற மெயின் சர்வர்) மெமரிய பாக்கறப்ப அதுல மீட்டர்ப்ரீட்டர் கோட் கெடக்கறதை பாத்தாங்க. மீட்டர்ப்ரீட்டர்னா நம்ம பென்டெஸ்ட் ஆளுங்க தினம் யூஸ் பண்ற மெட்டாஸ்ப்ளாய்ட்ங்கற ஹேக்கிங் டூலோட ஒரு பாகம். தோண்டிப் பாத்தா ரெஜிஸ்ட்ரிக்குள்ள பவர்ஷெல் ஸ்கிரிப்ட், வெளில பேசறதுக்கு விண்டோஸோட நெட்ஷெல் கமாண்டை வெச்சே ஒரு டனல், எல்லாமே வீட்டுச் சாமான். அதே மாதிரி தடயம் 40 நாட்டுல 140க்கு மேல கம்பெனி நெட்வொர்க்குல இருந்துச்சு. இதை எம்டி கிட்ட சொல்லுங்க, ஆன்டிவைரஸ் வாங்க வக்கில்லாத எடங்க இல்ல அதெல்லாம், பேங்க், டெலிகாம், கவர்மென்ட்டு.

சரி, பவர்ஷெல்லை ப்ளாக் பண்ணலாமான்னு கேட்டீங்க. வேண்டாம். பவர்ஷெல் இஎக்ஸ்இங்கறது வெறும் கதவு, உள்ள இருக்கற இன்ஜின் ஒரு டிஎல்எல் (பல ப்ரோக்ராம் பொதுவா எடுத்து யூஸ் பண்ற கோட் ஃபைல்), வேற எந்த ப்ரோக்ராமும் அதை லோட் பண்ணி அதே வேலைய செய்யலாம். நீங்க கதவை பூட்டிட்டு நிம்மதியா இருப்பீங்க, வர்றவன் ஜன்னல் வழியா வந்துட்டு போவான், கூடவே உங்க சொந்த ஸ்கிரிப்ட்டுங்க, சாஃப்ட்வேர் இன்ஸ்டாலருங்க எல்லாம் படுத்துக்கும். அது மட்டுமில்ல, பவர்ஷெல்லை விரட்டினா அவன் எம்எஸ்ஹெச்டிஏ, டபிள்யூஸ்கிரிப்ட், டபிள்யூஎம்ஐசின்னு விண்டோஸோட மத்த டூலுங்க இருக்கற பக்கத்து தெருவுக்கு போவான், அங்க உங்களுக்கு பவர்ஷெல் அளவுக்கு லாக் (நடந்ததை எழுதி வெக்கற பதிவு) கெடைக்காது. 2019ல மைக்ரோசாஃப்ட் ஆஸ்டராத்னு ஒரு வைரஸை பிரிச்சு காட்டினாங்க பாருங்க, ஷார்ட்கட்ல ஆரம்பிச்சு டபிள்யூஎம்ஐசி, பிட்ஸ்அட்மின், சர்ட்யூட்டில், ரெக்எஸ்விஆர்32ன்னு ஒண்ணு கைல ஒண்ணு குடுத்து போயிருக்கும், ஓடின ப்ரோக்ராம் அத்தனையும் விண்டோஸோடது. 2022 ஜூன்ல அமெரிக்கா, பிரிட்டன், நியூசிலாந்து சைபர் ஏஜென்சிங்க சேந்து ஒரு அறிக்கை விட்டாங்க, அதுலயும் பவர்ஷெல்லை தூக்கிப் போடாதீங்க, ஒழுங்கா கட்டுப்படுத்தி வெச்சுக்கோங்கன்னுதான் இருக்கு.

பவர்ஷெல்லோட எக்சிக்யூஷன் பாலிசிய (எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம்ங்கற செட்டிங்) ரெஸ்ட்ரிக்டட்னு வெச்சிருக்கோமே சார்னு மெயில் கடைசில ஒரு வரி போட்டிருந்தீங்க. தம்பி, அது பாதுகாப்பே கெடையாது, மைக்ரோசாஃப்டே அப்படித்தான் சொல்லுது, தெரியாம டபுள் க்ளிக் பண்ணி ஓட்டிடாம இருக்கறதுக்கு வெச்ச ஒரு தடுப்பு, ரோட்டுல போட்ட ட்ராஃபிக் கோன் மாதிரி, ஓட்டறவன் கமாண்ட்லயே அதை ஒதுக்கி வெச்சுட்டு போகலாம்.

அப்ப என்னதான் பண்றது? நீங்க இப்பவே ஒண்ணு பண்ணுங்க. அந்த அக்கவுன்ட்ஸ் மெஷின்ல ஈவன்ட் வியூவரை தொறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், பவர்ஷெல், ஆப்பரேஷனல்னு போங்க. ஈவன்ட் ஐடி 4104ன்னு ஃபில்டர் போடுங்க. நீங்க லாகிங் எதுவும் ஆன் பண்ணிருக்க மாட்டீங்கன்னு தெரியும், இருந்தாலும் பாருங்க, ஏன்னா பவர்ஷெல் 5லேர்ந்து சந்தேகமான வார்த்தைங்க இருக்கற ஸ்கிரிப்ட் துண்டை நம்ம கேக்காமலே வார்னிங்னு போட்டு அது எழுதி வெச்சுக்கும். டெஸ்ட் நடந்த தேதில மஞ்சள் முக்கோணம் போட்ட வரி ஒண்ணு ரெண்டு இருக்க நல்ல வாய்ப்பு. க்ளிக் பண்ணினா கீழ அவங்க ஓட்டின ஸ்கிரிப்ட்டே கெடக்கும், பேஸ்64 இல்லாம, பிரிச்ச ரூபத்துல, ஏன்னா இன்ஜின் ஓட்டறதுக்கு முன்னாடி பிரிச்சுத்தானே ஆகணும், அந்த நொடில எழுதி வெக்குது. ஆவின்னு நெனைச்சது கைரேகைய மேஜைல வெச்சுட்டு போயிருக்கும். ஒருவேளை அந்த வரி இல்லைன்னா ஒரு காரணம் இருக்கலாம், அந்த லாக் டீஃபால்ட்டா 15 எம்பிதான், நெறஞ்சா பழசை அழிச்சுட்டு புதுசை எழுதும், ஒரு மாசத்துல போயிருக்கும்.

அதனால மொதல் வேலை குரூப் பாலிசில (எல்லா மெஷினுக்கும் ஒரே எடத்துலேர்ந்து செட்டிங் போடற வசதி) ஸ்கிரிப்ட் ப்ளாக் லாகிங்கை ஆன் பண்ணுங்க, லாக் சைஸை பெருசாக்குங்க, ப்ராசஸ் கிரியேஷன் ஆடிட்டை (எந்த ப்ரோக்ராம் எப்ப ஓடுச்சுங்கற பதிவு) ஆன் பண்ணி 4688 ஈவன்ட்ல கமாண்ட் லைனும் சேந்து வர்ற மாதிரி வைங்க, அதுக்கு தனியா ஒரு செட்டிங் இருக்கு, டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்கும், நெறைய பேரு பாதிய ஆன் பண்ணிட்டு கமாண்ட் லைன் வரலையேன்னு முழிப்பாங்க. மைக்ரோசாஃப்ட் இலவசமா குடுக்கற சிஸ்மான்ங்கற கண்காணிப்பு டூலையும் போடுங்க. இது எல்லாமே அந்தந்த மெஷின்லயே கெடந்தா ப்ரயோஜனம் இல்ல, அட்மின் உரிமை கெடைச்சவன் மொதல்ல அழிக்கறது லாக்கைத்தான், அதனால விண்டோஸ் ஈவன்ட் ஃபார்வர்டிங் வெச்சு ஒரு தனி சர்வருக்கு அனுப்புங்க, அதுக்கு லைசன்ஸ் காசு கூட கெடையாது. எப்படியும் 2022 ஏப்ரல்ல மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி 180 நாளைக்கு லாக் வெச்சிருக்கணும், சம்பவம் நடந்தா 6 மணி நேரத்துல சொல்லணும், உங்க கம்பெனிக்கும் அது பொருந்தும், அதை காட்டினா எம்டி ஒரு ஹார்ட் டிஸ்க்குக்கு கையெழுத்து போடுவாரு. ஒரே ஒரு எச்சரிக்கை, நீங்களோ அந்தப் பையனோ ஸ்கிரிப்ட்டுக்குள்ள பாஸ்வேர்டை நேரா எழுதி வெச்சிருந்தா அதுவும் 4104ல பச்சையா வந்து உக்காந்துக்கும், லாக் சர்வரை யாரு பாக்கலாம்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க.

அப்புறம் பழைய பவர்ஷெல் 2 இன்ஜின். விண்டோஸ் 10 மெஷின்ங்கள்ல ஆப்ஷனல் ஃபீச்சரா இன்னும் ஒட்டிட்டு இருக்கும். அதுல மேல சொன்ன லாகிங்கும் கெடையாது, ஆம்சியும் (என்னன்னு அடுத்து சொல்றேன்) கெடையாது, அதனால வர்றவன் "எனக்கு 2ம் வெர்ஷன் குடு"ன்னு கேட்டு வாங்கி ஓட்டுவான், கண்ணுல மண்ணு. எடுத்துடுங்க, உங்க கம்பெனில யாருக்கும் அது வேணாம். எடுக்க முடியாத மெஷின் ஏதாவது இருந்தா விண்டோஸ் பவர்ஷெல் லாக்ல ஈவன்ட் 400ஐ பாருங்க, இன்ஜின் வெர்ஷன் 2.0ன்னு வந்தா உடனே போன் எடுங்க.

ஆம்சின்னு சொன்னேன்ல, அதுதான் உங்க ஆன்டிவைரஸ் கேள்விக்கு பதில். விண்டோஸ் 10லேர்ந்து மைக்ரோசாஃப்ட் ஒரு ஜன்னல் வெச்சாங்க, பவர்ஷெல், விபிஸ்கிரிப்ட், ஜேஸ்கிரிப்ட், ஆபீஸ் மேக்ரோ இதெல்லாம் ஒரு ஸ்கிரிப்ட்டை ஓட்டறதுக்கு முன்னாடி பிரிச்ச ரூபத்துல ஆன்டிவைரஸ் கிட்ட "இது சரியா"ன்னு நீட்டும். நீட்டறதை வாங்கிப் பாக்கற ஆன்டிவைரஸ் இருக்கு, வாங்காததும் இருக்கு. உங்க கம்பெனில இருக்கறது பழைய வெர்ஷன், லைசன்ஸ் ரினியூ பண்ணிட்டே வந்திருக்கீங்க, வெர்ஷனை ஏத்தல, ரிப்போர்ட் ஸ்க்ரீன்ஷாட்ல மூலைல தெரியுது. மொதல்ல அவங்க சப்போர்ட்டுக்கு போன் போட்டு ஆம்சி சப்போர்ட் உண்டா, ஆன்ல இருக்கான்னு கேளுங்க, ஓசில முடிஞ்சா முடிஞ்சது. நான் எந்த பிராண்டையும் சொல்ல மாட்டேன், சொன்னா கமிஷன்னு சொல்வீங்க. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, விண்டோஸோட கூடவே வர்ற டிஃபெண்டரை மெயின் ஆன்டிவைரஸா வெச்சாத்தான் அட்டாக் சர்ஃபேஸ் ரிடக்‌ஷன் ரூல்ஸ் வேலை செய்யும், எக்செல், வேர்டு இதெல்லாம் வேற ப்ராசஸை ஓட்டக் கூடாதுங்கற மாதிரி ரூல் அதுல இருக்கு, எக்செல்லுக்கு பவர்ஷெல்லோட என்ன ஜோலி சொல்லுங்க? மொதல்ல ஆடிட் மோட்ல ஒரு மாசம் விட்டு பாருங்க, உங்க பேரோல் எக்செல் ஷீட்டு எவனாவது கில்லாடி எழுதின மேக்ரோல ஓடிட்டு இருக்கும், மாசக் கடைசில சம்பளம் நின்னா உங்களத்தான் தேடுவாங்க.

ஆம்சியையும் ஏமாத்த வழி இருக்கு, அதனாலதான் லாக்கை மொதல்ல சொன்னேன். பவர்ஷெல்ல கண்ணு ஜாஸ்தி ஆனதும் டெஸ்ட் பண்றவங்களே பாதி பேரு சி ஷார்ப்ங்கற ப்ரோக்ராம் மொழிக்கு மாறிட்டாங்க, எம்பயர்னு 2015ல வந்த பிரபலமான பவர்ஷெல் டூலை எழுதினவங்களே 2019ல கைவிட்டாங்க, அப்புறம் வேற டீம் எடுத்து நடத்தறாங்க. எலியும் பூனையுமா ஓடிட்டே இருக்கும்.

என் தப்பு ஒண்ணு சொல்றேன், இதுல வந்த புதுசுல. ஒரு கிளையன்ட் ஆபீஸ்ல சர்வர் ஒண்ணு ராத்திரில வெளில எங்கயோ பேசிட்டு இருக்குன்னு கூப்ட்டாங்க. ஓடிப் போயி பாத்தேன், டிஸ்க்கை ஸ்கேன் பண்ணினா சுத்தமா இருக்கு, ஆனா ட்ராஃபிக் போயிட்டே இருக்கு, எனக்கு பதட்டம், பக்கத்துல மேனேஜர் வேற நின்னு "நிறுத்துங்க சார் நிறுத்துங்க"ங்கறாரு, பின்பக்கம் போயி பவர் கேபிளை புடுங்கிட்டேன். ட்ராஃபிக் நின்னுச்சு, எல்லாரும் கை தட்டாத குறை. மறுநாள் ஆன் பண்ணினா ஒண்ணுமே இல்ல, எல்லாம் ரேம்ல இருந்துச்சு, ரேம்ல இருந்தது கரண்டோட போச்சு. யாரு, எங்கேர்ந்து, எப்படி வந்தான், எதை எடுத்தான், இன்னிக்கு வரைக்கும் எனக்கு தெரியாது. பத்து நாள் கழிச்சு அதே சர்வர் திரும்ப பேச ஆரம்பிச்சுது, ஏன்னா டபிள்யூஎம்ஐல ஒரு சப்ஸ்கிரிப்ஷன் போட்டு வெச்சிருந்தான், நேரம் வந்தா தானா எழுந்திருக்கற மாதிரி. அதனால உங்களுக்கு எப்பவாவது நெஜமாவே நடந்தா நெட்வொர்க் கேபிளை மட்டும் புடுங்குங்க, பவரை தொடாதீங்க, மொதல்ல மெமரில இருக்கறதை அப்படியே நகல் (டம்ப்) எடுத்து வெளி டிஸ்க்ல வைங்க, வொலட்டிலிட்டின்னு இலவச டூல் இருக்கு, அதை வெச்சு அப்புறமா நிதானமா தோண்டலாம். டபிள்யூஎம்ஐ சமாச்சாரத்தை பாக்க சிஸ்இன்டர்னல்ஸ் ஆட்டோரன்ஸ்ல அதுக்குன்னே ஒரு டேப் இருக்கு, சிஸ்மான்ல 19, 20, 21ன்னு மூணு ஈவன்ட் வரும்.

இவ்ளோ நேரம் ஸ்கிரிப்ட்டை பத்தி பேசினது சரி, இப்ப கொஞ்சம் கசப்பான விஷயம். 9ம் பக்கத்தை எம்டி கிட்ட காட்டாம தள்ளிட்டீங்களோன்னு ஒரு சந்தேகம், ஏன்னா உங்க மெயில்ல அதை பத்தி ஒரு வார்த்தை இல்ல. அக்கவுன்ட்ஸ் மெஷின்ல ஸ்கிரிப்ட் ஓடினது அந்தப் பொண்ணோட உரிமைல. அந்தப் பொண்ணு லோக்கல் அட்மின், அதாவது அந்த மெஷினுக்கு மட்டும் முழு உரிமை உள்ளவங்க, ஏன்னா ஏதோ டேக்ஸ் சாஃப்ட்வேர் அப்டேட் பண்ண அது வேணும்னு குடுத்து வெச்சிருக்கீங்க. அதனால லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு ஹேஷ் (பாஸ்வேர்டுக்கு பதிலா விண்டோஸ் வெச்சுக்கற குறி, அதை வெச்சே லாகின் ஆகலாம்) கைக்கு வந்துச்சு. 180 மெஷின்லயும் அதே பாஸ்வேர்டு. ஒரு சாவி கெடைச்சதும் கொத்தே கெடைச்ச மாதிரி, மெஷின் மெஷினா நடந்து போயிருக்காங்க, மெர்ச்சன்டைசிங் மெஷின் ஒண்ணுல டொமைன் அட்மினோட லாகின் மெமரில உக்காந்துட்டு இருந்துச்சு, அங்கேர்ந்து எடுத்துட்டு டொமைன் கன்ட்ரோலருக்கு போயிட்டாங்க. அந்த டொமைன் அட்மின் யாரு? நீங்கதான் தம்பி. அன்னிக்கு காலைல பிரிண்டர் டிரைவர் போட போயிருக்கீங்க.

திட்டலைங்க, நானும் அட்மினா இருந்தப்ப இதேதான் பண்ணினேன், ரெண்டு பேரு 180 மெஷினை பாத்துக்கறப்ப ஒரே பாஸ்வேர்டுதான் சுலபம். ஆனா கணக்கு போட்டு பாருங்க, ஃபைல் போட்டு வந்திருந்தாலும் இதே அஞ்சு மணி நேரம்தான், பவர்ஷெல் இல்லைன்னா வேற எதையாவது வெச்சு வந்திருப்பாங்க. ஸ்கிரிப்ட் அவங்கள உள்ள விட்ட வரைக்கும்தான், டொமைன் கன்ட்ரோலர் வரைக்கும் கூட்டிட்டு போனது அந்த ஒரே பாஸ்வேர்டும் உங்க லாகினும். 2017 ஜூன்ல நாட்பெட்யாங்கற வைரஸ் பரவினதுல ஒரு வழி இதே வழிதான், மெமரிலேர்ந்து பாஸ்வேர்டை உருவி, பிஎஸ்எக்ஸக்கும் டபிள்யூஎம்ஐசியும் (தூரத்து மெஷின்ல கமாண்ட் ஓட்டற டூலுங்க) வெச்சு அடுத்த மெஷினுக்கு தாவுச்சு, அதனாலதான் பேட்ச் போட்ட மெஷினும் விழுந்துச்சு. விண்டோஸ் லாப்ஸ் போடுங்க, 2023 ஏப்ரல் அப்டேட்லேர்ந்து விண்டோஸுக்குள்ளயே வருது, ஒவ்வொரு மெஷினுக்கும் வேற வேற லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு, தானா மாத்திக்கும். பிரிண்டர் போடறதுக்கு தனி அக்கவுன்ட் வெச்சுக்கோங்க. டொமைன் அட்மின் டொமைன் கன்ட்ரோலரை தவிர எங்கயும் லாகின் ஆகவே கூடாதுன்னு குரூப் பாலிசிலயே தடுத்துடுங்க, இல்லைன்னா அவசரத்துல நீங்களே ஆயிடுவீங்க. அந்தப் பொண்ணோட லோக்கல் அட்மினை எடுங்க, டேக்ஸ் சாஃப்ட்வேர் ஃபோல்டருக்கு மட்டும் எழுதற உரிமை குடுத்தா பெரும்பாலும் வேலை நடந்துடும். இது எதுக்கும் ஒரு ரூபா செலவு கெடையாது, புது ஆன்டிவைரஸ் கொட்டேஷன் வாங்கறதுக்கு முன்னாடி இதை முடிங்க.

நீங்களே ஸ்கிரிப்ட்டை ஓட்டிப் பாக்கறது. ஆர்வம் புரியுது, ஆனா நெட்ல தேடி எடுத்து ஆபீஸ் மெஷின்ல ஓட்டாதீங்க. ஆம்சி பைபாஸ்னு பேரு போட்டு கெடக்கற ஸ்கிரிப்ட்டுக்குள்ள வேற ஒருத்தனோட ஸ்கிரிப்ட் ஒளிஞ்சிருக்கும், திருடனைப் புடிக்க திருடன் குடுத்த டார்ச்சை எடுத்துட்டு போற கதை. அதோட எம்டி கிட்ட எழுத்துல அனுமதி வாங்காம நீங்களே அடுத்த மெஷினுக்குள்ள போனா, ஐடி சட்டம் 43, 66 பிரிவுல நீங்களே மாட்ட வாய்ப்பு இருக்கு, மூணு வருஷம் வரைக்கும் உள்ள, இல்ல அஞ்சு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். நம்ம கம்பெனிதானேன்னு நெனைக்காதீங்க, வேலைய விட்டு சண்டையோட போனவங்க மேல பழைய லாக்கை எடுத்து கேஸ் போடுவாங்க. டீம் ஸ்கிரிப்ட்டை குடுக்காதது தப்பே இல்ல, அது அவங்க தொழில் சாமான். பதிலா அவங்களைத் திரும்ப அரை நாள் கூப்பிடுங்க, பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு அடியா ஓட்டச் சொல்லுங்க, அவங்க ஓட்ட ஓட்ட உங்க லாக் சர்வர்ல என்ன வருதுன்னு நீங்க பாருங்க, வரலைன்னா ஏன் வரலைன்னு ரெண்டு பேரும் சேந்து தேடுங்க. ரிப்போர்ட் நூறு பக்கம் படிக்கறதை விட இந்த அரை நாள்ல கத்துக்கறது ஜாஸ்தி. தனியா பழகணும்னா நெட்வொர்க்ல சேராத ஒரு விர்ச்சுவல் மெஷின்ல அடாமிக் ரெட் டீம்னு ஓப்பன் சோர்ஸ்ல சின்னச் சின்ன டெஸ்ட் இருக்கு, மைட்டர் அட்டாக்ங்கற தாக்குதல் பட்டியலோட நம்பர் போட்டு, அதை ஓட்டுங்க.

சின்னதா இன்னும் ஒண்ணு ரெண்டு. ஜேஎஸ், விபிஎஸ், ஹெச்டிஏ இந்த எக்ஸ்டென்ஷன் எல்லாம் டபுள் க்ளிக் பண்ணினா நோட்பேட்ல தொறக்கற மாதிரி குரூப் பாலிசில மாத்திடுங்க, பத்து நிமிஷ வேலை, பாதி குப்பை அங்கயே செத்துடும். அப்புறம் 2024லேர்ந்து ஒரு புது திருட்டு ஓடுது, கிளிக்ஃபிக்ஸ்னு பேரு, "நீங்க ரோபோ இல்லைன்னு நிரூபிங்க"ன்னு ஒரு பக்கம் வரும், விண்டோஸ் பட்டனோட ஆர் அமுக்குங்க, கன்ட்ரோல் வி அமுக்குங்க, என்டர் தட்டுங்கன்னு சொல்லும். அந்தப் பக்கமே க்ளிப்போர்டுல பவர்ஷெல் கமாண்டை வெச்சிருக்கும், நம்ம ஆளுங்களே தன் கையால ஓட்டிக் குடுப்பாங்க, ஷார்ட்கட் கூட தேவையில்ல. ஃப்ளோர்ல எல்லாரையும் கூப்பிட்டு இந்த மூணு கீயை மட்டும் செஞ்சு காட்டுங்க, பெரிய ட்ரெய்னிங் வேணாம். யாராவது செஞ்சுட்டேன்னு பயந்துட்டு வந்து சொன்னா திட்டாதீங்க, அடுத்த தடவ சொல்ல மாட்டாங்க, ரெஜிஸ்ட்ரில ரன்எம்ஆர்யூன்னு ஒரு கீ இருக்கு, அவங்க ரன் பாக்ஸ்ல ஒட்டினது அப்படியே அதுல இருக்கும், அதை போட்டோ எடுத்து வைங்க.

அந்தப் பொண்ணையும் விட்டுடுங்க, மெயில்ல "அவங்க மேல ஆக்‌ஷன் எடுக்கலாமா"ன்னு எம்டி கேட்டதா எழுதிருந்தீங்க. இன்வாய்ஸ் தொறக்கறதுதான் அக்கவுன்ட்ஸ் வேலை. அவங்க மேல ஆக்‌ஷன்னா பிரிண்டருக்கு டொமைன் அட்மினோட போனவரு மேலயும் எடுக்கணும்ல.

கடைசியா அவசரம் ரெண்டு. டெஸ்ட் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு, உங்க டொமைன் அட்மின் பாஸ்வேர்டை இன்னும் மாத்தலைன்னு நெனைக்கறேன், மாத்தியிருந்தா எழுதியிருப்பீங்க. இன்னிக்கே மாத்துங்க. டொமைன் கன்ட்ரோலர் வரைக்கும் போயிருக்காங்கன்னா லாகின் டிக்கெட்டுக்கு முத்திரை போடற கேஆர்பிடிஜிடி அக்கவுன்ட் பாஸ்வேர்டையும் ரெண்டு தடவ மாத்தணும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு நாள் விடுங்க, டிக்கெட்டோட ஆயுசு பத்து மணி நேரம், ஒரே மூச்சுல ரெண்டையும் மாத்தினா காலைல பாதி கம்பெனி லாகின் ஆகாது.

இன்னொண்ணு அந்த ரிப்போர்ட். உங்க சர்வர் பேரு, ஐபி, எந்த பாஸ்வேர்டு எங்க வேலை செஞ்சுதுன்னு எல்லாம் இருக்கற பிடிஎஃப்பை, பாஸ்வேர்டு கூட போடாம, முன்ன பின்ன தெரியாத எனக்கு உங்க சொந்த மெயில்லேர்ந்து அனுப்பிருக்கீங்க. நான் படிச்சு முடிச்சதும் அழிச்சுட்டேன், ட்ராஷையும் காலி பண்ணிட்டேன். நீங்க சென்ட் ஃபோல்டர்லேர்ந்து அழிச்சுடுங்க.